வர்க்கியின் எடை குறையவில்லை

நானூற்றுப் பன்னிரண்டு. மறுபடியும் நானூற்றுப் பன்னிரண்டு. போன ஞாயிற்றுக்கிழமையும் இதேதான், அதற்கு முந்தின ஞாயிறும் இதேதான், முதல் ஞாயிறும் இதேதான். அம்மா கேக்குக்கு மாவு நிறுக்கிற தராசு, ஒருவேளை இதுதான் மக்கர் பண்ணுகிறதோ என்று வர்க்கியைத் துண்டோடு தூக்கி மேசைமேல் வைத்துவிட்டு அரைக் கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை வைத்துப் பார்த்தேன். ஐந்நூற்று மூன்று. கவர் மூன்று கிராம் இருக்கும். தராசு சரியாகத்தான் இருக்கிறது. அப்படியானால் வர்க்கிதான் சரியாக இல்லை. அல்லது வர்க்கி ரொம்பச் சரியாக இருக்கிறது. எது என்று தெரியவில்லை. அம்மா எட்டரைக்குச் சர்ச்சுக்குப் போனாள், எனக்குத் தலைவலி என்று சொன்னேன், நாலாவது வாரமாக அதே தலைவலி, அவளும் நம்பின மாதிரி தலையை ஆட்டிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள், பதினொன்றுக்கு வருவாள், அப்பா டூரிஸ்ட் ஆட்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஐந்து மணிக்கே கிளம்பியாச்சு. ஆக வீட்டில் நான், வர்க்கி, டீசல். மூன்று பேரில் இரண்டு பேர் தூங்குகிறார்கள். தூங்குகிறார்களா என்பதுதான் கேள்வி. இரண்டும் தாடி ஓணான். தாடி ஓணான் என்றால் குன்னூரில் யாருக்கும் புரியாது, அம்மாவுக்கு இரண்டு வருஷமாகப் புரியவில்லை, ஓணானுக்கு எதுக்குடி தாடி என்பாள். ஆஸ்திரேலியா பாலைவனத்து ஜாதி. கோபம் வந்தால் தொண்டைக்குக் கீழே இருக்கிற முள்ளுத்தோலை உப்பவைத்துக் கறுப்பாக்கிக்கொள்ளும், தூரத்திலிருந்து பார்த்தால் தாடி மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஆணுக்கு டீசல் என்று பெயர், அடிக்கடி கறுக்கிறதால். பெண்ணுக்கு வர்க்கி, தோல் உரிக்கும்போது பேக்கரி வர்க்கி பிஸ்கட் மாதிரி அடுக்கடுக்காக உதிர்ந்ததால். இரண்டுமே என்னுடையது இல்லை. ஆல்வினுடையது. ஆல்வின் என் அண்ணன், கப்பலில் சமையல் வேலைக்குப் போயிருக்கிறான், இப்போது எந்தக் கடலில் இருக்கிறான் என்று கடவுளுக்குத்தான் தெரியும். குளிர்காலத்தில் இதுகள் இரண்டு மாசம் மூன்று மாசம் ஒன்றுமே தின்னாமல் தூங்கும். வாரத்துக்கு ஒருமுறை நிறுத்துப் பார்க்க வேண்டும். டீசல் முதல் வாரம் நானூற்று நாற்பது, இன்றைக்கு நானூற்று முப்பத்தொன்று. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது, குறையத்தான் வேண்டும், தூங்கினாலும் மூச்சு விட வேண்டும் இல்லையா, மூச்சுக்கு ஏதாவது செலவாக வேண்டும் இல்லையா. ஆல்வின் எழுதி இதுகளின் கண்ணாடித் தொட்டியில் ஒட்டிவிட்டுப் போன தாளில் எடை ரொம்பக் குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று இருக்கிறது. குறையவே இல்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்று இல்லை.

அந்தத் தாளை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். ஸ்கூலில் ஒரு செய்யுள் மனப்பாடம் ஆனதில்லை, இது ஆகிவிட்டது. பதினைந்து நாள் முன்னாடியே தீனியை நிறுத்து. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு லைட் எரிகிற நேரத்தைக் குறை. வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டு வயிறு காலியாக விடு. பதினாறாவது நாள் லைட்டை மொத்தமாக நிறுத்து. எழுப்பாதே. தொந்தரவு பண்ணாதே. சும்மா சும்மா எடுத்துப் பார்க்காதே. இதில் சும்மா சும்மா என்பதற்கு அடியில் இரண்டு கோடு. கிளம்புகிறதற்கு முந்தின நாள் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சட்டையை மடித்துக்கொண்டே கேட்டான், மெர்லி, உன் வேல என்னன்னு புரிஞ்சுதா. என்ன வேல, அதான் எழுதி ஒட்டிட்டியே. அதில்லடி, ஒண்ணும் செய்யாம இருக்கறது, அதான் வேல. அதுக்கு எதுக்குடா ஆளு? அதுக்குத்தான் ஆளே கெடைக்காது, அம்மாட்ட விட்டா ஐயோ பாவம் குளிருதுன்னு லைட்டப் போட்ரும், அப்பாட்ட விட்டா செத்துப்போச்சுன்னு தூக்கி வெளிய போட்ருவாரு, நீதான் இதுக்குக் கரெக்டான ஆளு, நாலு மாசமா ஒண்ணும் செய்யாமத்தான இருக்க. சிரித்தான். நானும் சிரித்தேன். பக்கத்தில் கிடந்த சாக்ஸைச் சுருட்டி அவன் மூஞ்சியில் எறிந்தேன். ஆனால் அவன் போனபிறகு அது கோபமாக வந்ததா சந்தோஷமாக வந்ததா என்று எனக்கே பிடிபடவில்லை. ஸ்கூலை நிறுத்தினதிலிருந்து யாரும் என்னிடம் எதையும் கொடுத்ததில்லை, அடுப்பைப் பார்த்துக்கோ, பால் பொங்காமல் பார்த்துக்கோ, அதுகூட அம்மா சொல்லிவிட்டுத் திரும்பி வந்து அவளே பார்ப்பாள். ஆல்வின் கொடுத்தான். உயிர். இரண்டு உயிர். இரண்டு வருஷமாகத் தன் கையால் கீரை நறுக்கிப் போட்டு வளர்த்த உயிர். எடுத்துக்கோ மெர்லி என்று விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விட்டான், கரை வந்தால் கூப்பிடுவானாம், கரை எப்போது வரும் என்று அவனுக்கே தெரியாதாம். ஒன்றும் செய்யாமல் இருக்கிற வேலை. உலகத்திலேயே சுலபமான வேலை. அதைத்தான் நான் செய்யவில்லை.

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன், இந்த அறையில் யார் கேட்கப்போகிறார்கள். நான் வர்க்கிக்குத் தீனி போட்டேன். பதினைந்தாவது நாள். லைட்டை நிறுத்துகிறதற்கு முந்தின நாள். மத்தியானம் மூன்று இருக்கும், வெளியே மழை, எதிர் வீட்டுக் கூரைகூடத் தெரியாத அளவுக்கு மேகம் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு நின்றது, நான் கட்டிலில் போர்வைக்குள் படுத்துக்கொண்டு தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வர்க்கி கண்ணாடியோரம் வந்து நிமிர்ந்து நின்று என்னையே பார்த்தது. அப்புறம் ஒரு கையைத் தூக்கி மெதுவாக ஆட்டியது. வட்டமாக, நிதானமாக, பஸ் ஜன்னலிலிருந்து டாட்டா காட்டுகிற சின்னப் பிள்ளை மாதிரி. எனக்கு என்னவோ ஆகிவிட்டது. பசிக்கிறது, கேட்கிறது, பதினைந்து நாளாக ஒன்றுமில்லை, நானாக இருந்தால் கத்தியிருப்பேன். எழுந்துபோய்ச் சமையலறை அலமாரிக்குக் கீழே தவிட்டு டப்பாவில் இதுகளின் தீனிக்கென்று வளர்கிற புழுவை எடுத்துக்கொண்டு வந்து போட்டேன். ஏழு. ஏழா ஒன்பதா. ஏழு என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், ஆனால் நேற்றுப் படுத்திருக்கும்போது இரண்டாவது தடவை டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு ஞாபகம் வந்தது, அது அன்றைக்கா, இல்லை புழுவுக்குக் கேரட் துண்டு போட இன்னொரு நாள் திறந்ததா. லபக் லபக்கென்று விழுங்கியது. நாக்கு ரோஜாப்பூ நிறத்தில் வந்து வந்து போயிற்று. அன்றைக்கு முழுக்க எனக்கு அவ்வளவு நன்றாக இருந்தது. மறுநாள் லைட்டை நிறுத்தினேன், தாளில் சொன்ன மாதிரி, ஒழுங்காக, சரியான நேரத்துக்கு. வெதுவெதுப்பான தண்ணீரில் விடவில்லை, ஏற்கெனவே முந்தின வாரம் விட்டாயிற்றே என்று. அதற்கப்புறம் இரண்டு நாள் கழித்துத்தான் தாளில் கடைசி வரியைச் சரியாகப் படித்தேன், அல்லது முன்னாடியே படித்தது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. வயிற்றில் ஒன்றும் இருக்கக் கூடாது. இருந்தால் குளிரில் செரிக்காது. உள்ளேயே அழுகும். அழுகும் என்று எழுதியிருக்கிறான். தங்கச்சிக்கு எழுதுகிறோமே என்று கொஞ்சம் மெதுவாக எழுதக்கூடாதா. இதில் இன்னொன்று, போன முறை பேசும்போது ஆல்வினே பேச்சுவாக்கில் சொன்னான், வர்க்கி கை ஆட்டுச்சா கடைசில, ஆட்டும், அது பயந்தா அப்படித்தான், நீ பெரிய ஆளு என்ன விட்டுடுன்னு அர்த்தம். பசியில்லை. விட்டுடு என்றுதான் சொல்லியிருக்கிறது. நான் எழுந்துபோய்ப் புழு எடுத்துக்கொண்டு வந்து ஊட்டியிருக்கிறேன். அந்தப் போனிலேயே கேட்டான், ரெண்டும் நல்லா தூங்குதா? நல்லா தூங்குதுடா என்றேன். நான் பொய் சொல்கிற ஆள் இல்லை. மூஞ்சிக்கு நேராகப் பேசுகிறாள் என்றுதான் டீச்சரிலிருந்து அத்தை வரைக்கும் என்னைத் திட்டுவார்கள். அது பொய்யா? தூங்குகிறது என்பது உண்மைதானே. தூங்கிக்கொண்டுதானே இருந்தது. அப்போது.

இப்போது மேசைமேல் துண்டில் கிடக்கிறது. தொட்டால் சில்லென்று இருக்கிறது, ஆற்றங்கரைக் கல் மாதிரி, ஆனால் குளிர்காலத்தில் இதுகள் சில்லென்றுதான் இருக்கும், டீசலும் சில்லென்றுதான் இருக்கிறது, என் கையே சில்லென்றுதான் இருக்கிறது, பதினான்கு டிகிரி என்கிறது தொட்டிக்குள் இருக்கிற மானி. கண் மூடியிருக்கிறது. கறுத்திருக்கிறது. தூங்கும்போது கறுக்கும், ஆல்வின் சொல்லியிருக்கிறான். செத்தாலும் கறுக்குமா என்று நான் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. மூச்சு விடுகிறதா என்று விலாவையே பார்த்துக்கொண்டிருந்தேன், இதுகள் தூக்கத்தில் நிமிஷத்துக்கு ஒருதரம்கூட விடாது, பார்த்துக்கொண்டே இருந்தால் என் மூச்சில் என் கண்ணே ஆடுகிறது, விலா ஆடுகிறதா கண் ஆடுகிறதா தெரியவில்லை. நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். அப்போது நெஞ்சு அடிக்கிறதில் தலை ஆடுகிறது. அம்மாவின் பவுடர் டப்பாக் கண்ணாடியை எடுத்து வந்து மூக்குக்கு முன்னால் பிடித்தேன், ஆவி படிந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம், எங்கேயோ கேட்டது. படிந்தது. சந்தோஷத்தில் எழுந்தே நின்றுவிட்டேன். அப்புறம் கண்ணாடியைத் துடைத்து வெறும் மேசைக்கு முன்னால் பிடித்துப் பார்த்தேன், அதிலும் படிந்தது. டிசம்பரில் குன்னூரில் எல்லாவற்றின்மேலும் ஆவி படிகிறது, மேசைக்கும் உயிர் இருக்கிறது, சர்க்கரைப் பொட்டலத்துக்கும் உயிர் இருக்கிறது. நாற்றம் வருகிறதா என்று குனிந்து முகர்ந்தேன். ஏதோ வருகிறது. புளித்த மாதிரி, ஈரச் சாக்கு மாதிரி. வர்க்கியா, துண்டா, நாலு நாளாகக் காயாமல் போட்டிருக்கிற என் ஸ்வெட்டரா. ஸ்வெட்டரைக் கழற்றி வெளியே போட்டுவிட்டு நடுங்கிக்கொண்டே மறுபடியும் முகர்ந்தேன், முகர முகர மூக்குக்கு எதுவுமே தெரியாமல் போய்விட்டது. பின்னங்கால் விரலைக் கிள்ளினேன், மெதுவாக. கால் இழுத்துக்கொண்டது. இழுத்துக்கொண்டதா, நான் கிள்ளிவிட்டு விடும்போது அதுவாகத் திரும்பிப் போனதா. மறுபடியும் கிள்ள மனசு வரவில்லை. தூங்குகிறவர்களைக் கிள்ளக் கூடாது. செத்தவர்களைக் கிள்ளலாமா.

மணி ஒன்பது நாற்பது. ஸ்கூல் இருந்தால் இந்நேரம், ச்சே, ஞாயிற்றுக்கிழமை எங்கே ஸ்கூல். ஆனால் இப்போதெல்லாம் எல்லா நாளும் ஒரே மாதிரிதான் இருக்கிறது, ஞாயிறு என்பது வர்க்கியை நிறுக்கிற நாள், அப்படித்தான் தெரிகிறது. ஏன் நிறுத்தினே என்று எல்லாரும் கேட்டார்கள். அப்பாவிடம் கணக்கு வரவில்லை என்றேன். அம்மாவிடம் வயிற்றுவலி என்றேன். வீட்டுக்கு வந்த கிளாஸ் மிஸ்ஸிடம் எனக்கு அந்த ஸ்கூல் பிடிக்கவில்லை என்றேன், அவர் தேநீரை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார், அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆல்வினிடம் சும்மாதான் என்றேன், அவன் மட்டும்தான் சரி என்று விட்டான். நடந்தது இதுதான்: ஒரு திங்கட்கிழமை ஸ்டாப்பில் நின்றேன், பஸ் வந்தது, கதவு எனக்கு நேராக நின்றது, கண்டக்டர் ஏறும்மா என்றார், நான் ஏறவில்லை. ஏறும்மா, லேட்டாவுது, என்றார். ஏறக்கூடாது என்று நான் முடிவு பண்ணவில்லை. காலைத் தூக்கினால் ஏறிவிடலாம். காலைத் தூக்கவில்லை, அவ்வளவுதான். பஸ் போய்விட்டது. மறுநாளும் அப்படியே. காரணம் இருந்தால் சொல்லியிருப்பேனே, எனக்கு என்ன பயம். அம்மா ஒருநாள் இந்த அறைவாசலில் நின்றுகொண்டு தொட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இதுங்களாவது தை மாசம் எந்திரிக்கும், நீ எப்படி எந்திரிப்ப, என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. நான் என்ன ஓணானா. எனக்குச் சோறு இறங்குகிறது, குளிக்கிறேன், போன் பார்க்கிறேன், சண்டை போடுகிறேன். எல்லாவற்றையும் எதனோடாவது ஒப்பிடாமல் இவர்களால் இருக்க முடியாதா. எனக்கு இப்போது என்னைப் பற்றி யோசிக்க நேரமில்லை, வர்க்கியைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும், ஆனால் வர்க்கியைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தால் எப்படியோ அந்த பஸ் கதவு வந்து நிற்கிறது, ஏறும்மா, ஏறும்மா என்கிறது. காலைத் தூக்காமல் இருந்தது ஒன்றும் செய்யாததா, இல்லை செய்ததா. புழு போட்டது செய்தது. அது நிச்சயம். செய்தால் இப்படி ஆகிறது, செய்யாவிட்டால் அப்படி ஆகிறது.

இப்போது லைட்டைப் போட வேண்டுமா வேண்டாமா. அதுதான் விஷயம், மற்றதெல்லாம் சுற்றி வளைப்பு. லைட்டைப் போட்டுச் சூடு ஏற்றினால் விழித்துக்கொள்ளும், விழித்தால் வயிறு வேலை செய்யும், உள்ளே இருக்கிறது செரிக்கும், அல்லது வெளியே வரும். போடாவிட்டால் ஜனவரி கடைசிவரை உள்ளேயே கிடக்கும். ஆனால் உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால்? ஏழு புழு அந்த ஒரு நாள் மிச்சச் சூட்டிலேயே செரித்துப் போயிருந்தால்? அப்போது நன்றாகத் தூங்குகிற ஒன்றைப் பாதியில் உலுக்கி எழுப்பினவள் ஆவேன், பாதியில் எழுப்பினால் பலகீனமாகிவிடும், சளி பிடிக்கும், எழுப்பாதே என்று எழுதியிருக்கிறான், அடியில் கோடு வேறு, இல்லை, கோடு சும்மா சும்மாவுக்கு. போனில் தேடினால் ஒருவர் உடனே எழுப்பு என்கிறார், இன்னொருவர் எக்காரணம் கொண்டும் எழுப்பாதே என்கிறார், இரண்டு பேரும் பெரிய எழுத்தில் கத்துகிறார்கள். போன வியாழக்கிழமை மாட்டு டாக்டரிடம்கூடப் போய் நின்றேன், வர்க்கியை எடுத்துக்கொண்டு போகவில்லை, வாயால்தான் சொன்னேன். ஓணானா, என்றார். ஆமா சார். தூங்குதா? ஆமா சார். தூங்கட்டுமே, அதுக்கு ஏன் என்கிட்ட வந்த? வயித்துல சாப்பாடு இருக்கு சார். சாப்பிட்டுத் தூங்குனா நல்லதுதானம்மா. பின்னால் நின்ற ஆட்டுக்காரர் சிரித்தார். நான் வந்துவிட்டேன். அம்மாவிடம் கேட்கலாம், அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் ஆயா, பிறந்த பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிறதுதான் வேலை, வயிறு என்றால் அவளுக்குத் தெரியும். ஆனால் கேட்டால் முதல் வார்த்தை, அதையாவது ஒழுங்கா பாத்துக்கிட்டியா, என்று வரும். அது வரும் என்று தெரிந்தே எப்படிப் போய்க் கேட்பது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். உப்பின மாதிரி இருக்கிறது. டீசல் வயிற்றையும் தொட்டுப் பார்த்தேன், தொளதொளவென்று பை மாதிரி இருக்கிறது. மறுபடியும் வர்க்கி. கிண்ணென்று இருக்கிறது. பெண்ணுக்கு அப்படித்தான் இருக்குமோ. முட்டையோ. இல்லை. இல்லை, எனக்குத் தெரியும். எனக்கு மூன்று வாரமாகத் தெரியும். எடை ஏன் குறையவில்லை என்றால் உள்ளே இருக்கிறது அப்படியே இருக்கிறது. அதற்குத் தராசு வேண்டியதே இல்லை. அது தெரியாத மாதிரி ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக நிறுத்துக்கொண்டிருந்தேன்.

லைட்டைப் போட்டேன். போட்டதும் கரண்ட் போயிற்று. நம்பமாட்டீர்கள், ஆனால் குன்னூரில் ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போகாவிட்டால்தான் ஆச்சரியம். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு எதுவும் வெளியே வரவில்லை. அடுப்பில் தண்ணீர் வைத்தேன். முழங்கையால் தொட்டுப் பார்த்துப் பிளாஸ்டிக் தொட்டியில் ஊற்றினேன், சூடு ஜாஸ்தியோ என்று பச்சைத் தண்ணீர் கலந்தேன், இப்போது ஆறிவிட்டதோ என்று மறுபடி சூடு கலந்தேன், திடீரென்று சூட்டில் விட்டால் நெஞ்சு நின்றுவிடுமோ, ஏற்கெனவே நின்ற நெஞ்சு என்றால் இனி நிற்க என்ன இருக்கிறது, விட்டேன். நெஞ்சளவு தண்ணீரில், தலையை என் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு. ஒன்றும் ஆகவில்லை. ஐந்து நிமிஷம். கை கால் தண்ணீரில் மிதக்கிறது, துணி மாதிரி. பத்து நிமிஷம். வர்க்கி, வர்க்கி, என்று கூப்பிட்டேன், அதற்குத் தன் பெயர் தெரியாது என்று எனக்கும் தெரியும். அப்போதுதான் வாசலில் குடை மடக்குகிற சத்தம். அம்மா. மணி பத்தரைதான். கேரல் பிராக்டிஸ்னு எல்லாரும் உக்காந்துட்டாங்க, எனக்குக் குளிரு தாங்கல, வந்துட்டேன், என்ன கரண்டு இல்லியா, என்று சொல்லிக்கொண்டே வந்தவள் சமையலறை வாசலில் நின்றாள். அவள் கண் தொட்டிக்குப் போயிற்று. அடியே, அது நான் துணி அலசுற தொட்டி. செத்துப்போச்சா? தெரியலம்மா. தெரியலன்னா? தெரியலன்னா தெரியல, நான் அதுக்குத் தூங்கறதுக்கு முன்னாடி புழு போட்டுட்டேன், போடக்கூடாது, போட்டுட்டேன், இருபத்தி மூணு நாளா உள்ளயே இருக்கு, ஆல்வின்கிட்ட சொல்லல, யார்கிட்டயும் சொல்லல, இப்ப திட்டணும்னா திட்டிக்க. அவள் திட்டவில்லை. நான் எதிர்பார்த்த வார்த்தை வரவில்லை, அது இன்னும் குழப்பமாக இருந்தது. சர்ச்சுச் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குந்தினாள். இரண்டு வருஷமாக ஓணான்கள் இருக்கிற அறைக்குள்ளேயே கால் வைக்க மாட்டாள். நகரு, என்றாள். கடிக்குமா? தூங்குதும்மா. அப்ப சரி. ஒரு விரலால் தொட்டு, ஐய்ய, என்று கையை உதறிவிட்டு, மறுபடி தொட்டாள். அப்புறம் முழுக் கையையும் வயிற்றுக்கடியில் கொடுத்துத் தூக்கினாள், பச்சைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி, தலைக்குத் தனியாக ஒரு கை. வயிறு கல்லாட்டம் கெடக்கு பாரு, என்றாள், என்னிடம் இல்லை, வார்டில் கூட வேலை பார்க்கிற யாரிடமோ சொல்கிற மாதிரி. இன்னும் கொஞ்சம் வெந்நி ஊத்து. ஊத்துடி, ஓரமா. ரெண்டு விரலு போதும், அமுக்கக் கூடாது, தடவணும், இப்பிடி, கீழ் நோக்கி. நெஞ்சிலிருந்து வாலடிவரை, மெதுவாக, ஒரே வேகத்தில். நீ செய்யி, எனக்கு அருவருப்பா இருக்கு, என்றாள், ஆனால் அவள்தான் செய்துகொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடிகாரத்தை நான் பார்க்கவில்லை. பின்னங்கால் ஒன்று தண்ணீரை உதைத்தது. இந்தத் தடவை நான் கிள்ளவில்லை, நான் தொடவேயில்லை, என் இரண்டு கையும் வெந்நீர்ப் பாத்திரத்தைப் பிடித்திருந்தது. அம்மா, என்றேன். பாத்தேன், என்றாள். அடுத்த நிமிஷம் தண்ணீர் கலங்கியது, அப்படி ஒரு நாற்றம், ஆயுசில் அப்படி ஒரு நாற்றத்தை நான் முகர்ந்ததில்லை, அம்மாவோ, ஐயோ என் சேல, என்று கத்திக்கொண்டே கையை மட்டும் எடுக்காமல் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கறுப்புக் கறுப்பாகப் புழுக்கள், முழுசு முழுசாக, மேல்தோடு அப்படியே இருந்தது. நான் எண்ணினேன். எட்டு. ஏழும் இல்லை, ஒன்பதும் இல்லை. இன்னும் உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று கேட்க அதற்கு வாய் இல்லை. ஒரு கண்ணைப் பாதி திறந்தது. எதையும் பார்க்கவில்லை, திறந்தது, அவ்வளவுதான். மறுபடி மூடிக்கொண்டது.

வேறு துண்டில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறேன். இனிமேல் என்ன என்று தாளில் இல்லை. மறுபடி தூங்கவிடுவதா, விழித்திருக்க வைப்பதா, எட்டு வெளியே வந்துவிட்டால் பிழைத்துவிடும் என்று அர்த்தமா, இருபத்து மூன்று நாள் உள்ளே கிடந்தது வேறு எதையாவது கெடுத்து வைத்திருக்குமா. அம்மா குழாயடியில் சேலையை அலசிக்கொண்டே, இதுக்குத்தான் நான் ஒரு எழவும் வீட்டுல வேணாம்னேன், உங்கண்ணனுக்குப் பூனை கீனை வளக்கத் தெரியல, இதத்தான் பிடிச்சுட்டு வருவான், என்று நன்றாக, நிறையத் திட்டினாள், கேட்க நிம்மதியாக இருந்தது. அப்போது அவள் போன் அடித்தது. ஈரக்கையால் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். காற்றுச் சத்தம். யாரோ பின்னால் வேறு பாஷையில் கத்துகிறார்கள். அம்மா, எறங்கியாச்சு, இப்பத்தான் சிக்னல் வந்துச்சு, நல்லாருக்கியா, மெர்லி நல்லாருக்காளா, என்று ஆல்வின். நல்லாருக்கோம்பா, சாப்பிட்டியா, குளிரா அங்க? அதெல்லாம் இல்லம்மா, ரெண்டும் நல்லா தூங்குதா? அம்மா என்னைப் பார்த்தாள். என் கையில் இருக்கிற துண்டைப் பார்த்தாள். ஈர விரலைத் தன் உதட்டுமேல் வைத்துக் காட்டிவிட்டு, ரெண்டும் கும்முனு தூங்குதுப்பா, நீ நிம்மதியா இரு, உன் தங்கச்சி பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கறா, என்றாள். எவ்வளவு சுலபமாக வந்தது அவளுக்கு. எனக்காகத்தான் சொல்கிறாள் என்று புரிந்தது. அப்படியே விட்டால் இந்த நாள் இத்தோடு முடிந்துவிடும், ஜனவரியில் யாருக்குத் தெரியப்போகிறது, வர்க்கி பிழைத்தால் பிழைத்தது, பிழைக்காவிட்டால் தூக்கத்திலேயே போயிற்று என்று சொல்லிக்கொள்ளலாம், தூக்கத்தில் போகிறதற்கு யார் என்ன செய்ய முடியும். போனை வாங்கினேன். அம்மா விடவில்லை, பிடித்து இழுத்துத்தான் வாங்கினேன். டேய், அது பொய், வர்க்கி தூங்கல, நான் எழுப்பிட்டேன். என்னது? நீ போனப்புறம் புழு போட்டேன்டா, லைட்ட நிறுத்துறதுக்கு மொத நாளு, எட்டு புழு, உள்ளயே கெடந்து இப்பத்தான் வெளிய வந்துச்சு, அம்மாதான் எடுத்துச்சு, போன தடவ கேட்டப்ப எனக்குத் தெரியும், தெரிஞ்சே சொல்லல. மெர்லி, என்றான். அவ்வளவுதான் சொன்னான். அப்புறம் காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது, இரும்பில் இரும்பு உரசுகிற சத்தம், காற்று. திட்டுகிறதற்கு வார்த்தை தேடுகிறானா, என்ன செய்ய வேண்டும் என்று யோசிக்கிறானா, சிக்னல்தான் போய்விட்டதா. வெச்சுட்டானா, என்றாள் அம்மா. தெரியல. அப்ப வையேன், அவனே திரும்பக் கூப்பிடுவான். இல்லை, என்று தலையை ஆட்டினேன். இடது கையில் வர்க்கி, வலது கையில் போன். இரண்டையும் கீழே வைக்கவில்லை.